தகர டப்பா யாத்திரிகர்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். வீட்டைக் கட்டி, அதற்குச் சக்கரமும் வைத்து, மோட்டார் காரின் பின்னால் பூட்டி, அறுபது எழுபது வருஷம் கழிந்த பிறகு அதை மறுபடியும் பிரித்துக் கட்டிப் பார்க்கிற மனிதர்களை அவர்கள் கண்டதில்லை. கண்டிருந்தால் அந்தப் பழமொழியில் இன்னும் ஓர் அடி சேர்த்திருப்பார்கள். அத்தகைய மனிதர்கள் இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். பனிக்காலம் நீங்கி வசந்தம் பிறந்ததும், வெள்ளிக்கிழமையன்று புறப்பட்டு, ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ உள்ள ஒரு மைதானத்தில் வந்து கூடுகிறார்கள். இரண்டு இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை கலைந்து போகிறார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருப்பார், ஒருவர் லாரி ஓட்டுகிறவராக இருப்பார். அவர்களை ஒன்றுசேர்க்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் ஒரு பழைய டிரெய்லர் இருக்கிறது.

டிரெய்லர் என்றதும் நம் ஊரில் நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு டிராக்டரின் பின்னால் குலுங்கிக்கொண்டு போகும் வண்டிதான் நினைவுக்கு வரும். இது அதுவன்று. நம்முடைய கூண்டு வண்டியை இரண்டு பங்கு பெரிதாக்கி, அதற்குள் ஒரு குடித்தனம் முழுவதையும் அடக்கி வைத்தால் எப்படியிருக்கும் என்று நேயர்கள் கற்பனை செய்து கொள்ள வேண்டும். பழைய சிறு வண்டிகளின் நீளம் பத்தடியிலிருந்து பதினாறு அடி வரையில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜை; அதன் இரு புறமும் பெஞ்சு. இரவானால் மேஜைப் பலகையைத் தாழ்த்திப் பெஞ்சுகளின் நடுவே பொருத்தி மெத்தையைப் பரப்பினால் அதுவே கட்டில். அதற்கு அருகில் காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பனிக்கட்டி வைக்கும் பெட்டி. பெஞ்சுக்கு அடியில் சாமான் பெட்டி. தலைக்கு மேலே அலமாரி. ஒரு சாண் இடமாவது வீணாகியிருக்க வேண்டுமே! சென்னைப் பட்டணத்து ஒண்டுக் குடித்தனத்தில் பழகிய குடும்பத் தலைவி கூட அந்தச் சிக்கனத்தைப் பார்த்து மெச்சிக்கொள்வாள். ஸ்நான அறை, கழிப்பறை இவை மட்டும் சிறு வண்டிகளில் பெரும்பாலும் கிடையா. அவற்றுக்கு மைதானத்துப் பொதுக் கட்டிடத்தைத் தேடிப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மாலையில் நாமும் அந்த மைதானத்தில் போய் நிற்போமாக. ஒவ்வொரு வண்டியாக வந்து தனக்குக் குறித்த இடத்தில் நிற்கிறது. நிற்கிறது என்று எழுதுவது எளிது; நிறுத்துவது எளிதல்ல. டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது தனி வித்தை. காரின் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் பின்னால் உள்ள வண்டி இடப்புறம் போகும். கணவர் உள்ளே அமர்ந்து திருப்புவார். மனைவி வெளியே நின்று கையை ஆட்டி வழி சொல்வாள். தாம்பத்திய ஒற்றுமைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சையை யாரும் ஏற்படுத்தவில்லை. மூன்றாவது முறையும் வண்டி மரத்தைப் பார்த்துப் போனால், அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்து, வண்டியைக் காரிலிருந்து கழற்றிக் கையாலேயே தள்ளி இடத்தில் சேர்த்து விடுகிறார்கள். அந்த நாலு பேரோடு அன்றே சிநேகிதம் ஏற்பட்டு விடுகிறது.

இருட்டுவதற்குள் வண்டிகளின் வாசலில் கோடு போட்ட கான்வாஸ் பந்தல் எழும்பி விடும். விளக்குச் சரம் தொங்கும். வண்டி பிறந்த காலத்துக் கோப்பைகளும் கெட்டிலும் மேஜை விரிப்பும் வெளியே வரும். சிலர் இழுத்து வந்த காரும் அதே காலத்துக் காராக இருக்கும். இன்னும் சிலர் உடையையும் கூட அந்தக் காலத்துக்கு ஏற்றபடி தைத்துப் போட்டுக்கொள்வதுண்டு. இதையெல்லாம் பார்த்து 'வெறும் வேஷம்' என்று ஒருவர் சொன்னால் நான் அவருடன் வாதாட மாட்டேன். ஆனால் அவர் சனிக்கிழமை வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமைதான் விசேஷம். அன்று எல்லா வண்டிகளின் கதவுகளும் திறந்து வைக்கப்படும். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து முன்பின் தெரியாத ஜனங்கள் குழந்தை குட்டிகளுடன் வந்து, படியேறி, உள்ளே எட்டிப் பார்த்து, படுக்கையைத் தொட்டுப் பார்த்து, அலமாரியைத் திறந்து மூடிப் பார்த்து விட்டுப் போவார்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று அலுக்காமல் பதில் சொல்வார்கள். வருகிறவர்களில் வயதானவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது என்பார்கள். பிறகு தகப்பனாரைப் பற்றியும் ஏதோ ஓர் ஏரியைப் பற்றியும் பேச்சுத் தொடங்கும். மாலையில் கூட்டாஞ்சோறு. ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து நீள மேஜையில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்கிறார்கள். அப்புறம் நடுவில் நெருப்பை மூட்டிச் சுற்றி உட்கார்ந்தால் பாட்டும் பேச்சுமாக நடுநிசி ஆகிவிடும்.

அயலாரை வீட்டுக்குள் அழைத்துக் காட்டும் இந்த வழக்கத்தை நினைக்கும்போது இவர்களுடைய பழைய சரித்திரமும் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் இவர்களுடைய மூதாதையரை ஒரு காலத்தில் எந்த ஊராரும் விரும்பி வரவேற்கவில்லை.

1919-ம் ஆண்டின் இறுதியில் புளோரிடா மாகாணத்தில் டாம்பா நகரத்து டி ஸோட்டோ பூங்காவில் சில மோட்டார் யாத்திரிகர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் வெயிலைத் தேடித் தெற்கே வந்தவர்கள் அவர்கள். ஃபோர்டு காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, தகர டப்பாக்களில் அடைத்த உணவைச் சுட வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு காலம் கழித்தார்கள். ஆகவே 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', அதாவது தகர டப்பா யாத்திரிகர்கள், என்ற பெயர் வந்தது. பரிகாசப் பெயரையே அவர்கள் பட்டப் பெயராக எடுத்துக்கொண்டு, காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு டப்பாவைப் பற்ற வைத்து, அதையே சங்கத்தின் அடையாளமாக்கி விட்டார்கள். தங்குமிடம் சுத்தமாக இருக்க வேண்டும், பொழுதுபோக்கு யோக்கியமானதாக இருக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கொள்கைகள். இரகசியமாகக் கை குலுக்கும் முறை ஒன்றும் இருந்தது.

ஊர்க்காரர்களோ வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். "இவர்கள் ஒரு சட்டையும் ஒரு நோட்டும் கொண்டு வருகிறார்கள், ஊர் திரும்பும் வரையில் இரண்டையும் மாற்றுவதில்லை" என்பது அந்த நாளைய கேலி. ஹோட்டலில் தங்காதவன், கடையில் வாங்காதவன் ஊருக்கு எதற்கு? 1920-களின் நடுவில் டாம்பா நகரத்தார் அந்தப் பூங்காவை அவர்களுக்கு அடைத்து விட்டார்கள். பிறகு ஆர்க்கேடியா, ஸரஸோட்டா முதலிய ஊர்கள், ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கினால் கொஞ்சமாவது செலவழிக்காமல் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அவர்களுக்கு இடம் கொடுத்தன. வரவேற்பிலும் கணக்கு உண்டு என்பது அந்தத் தேசத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல.

கூடாரம் பெட்டியாக மாறிய கதையும் ரஸமானது. டிட்ராயிட் நகரில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒரு கிருமி சாஸ்திர நிபுணர் இருந்தார். விடுமுறைக்குக் கூடார வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு குடும்பத்துடன் போனார். கூடாரத்தை விரிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்தார்கள். கோபத்துடன் வீடு திரும்பியவர், 1929-ல் மழைக்கு அசையாத மரப் பெட்டி ஒன்றைச் சக்கரத்தின் மேல் கட்டச் செய்தார். 'கவர்டு வாகன்' என்று பெயர் பெற்ற அந்த வண்டி, சில வருஷங்களுக்குள் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய டிரெய்லர் தொழிற்சாலைக்கு அவரை அதிபதியாக்கி விட்டது. அது பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம். வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களுக்கு டிரெய்லரே வீடாயிற்று. இன்னும் இருபது வருஷத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் சக்கர வீட்டில்தான் வசிப்பார்கள் என்று ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதார நிபுணர் ஆரூடம் சொன்னார். பொருளாதார நிபுணர்களின் ஆரூடம் பலிக்கிற விகிதத்தில்தான் அதுவும் பலித்தது.

ஆனால் யுத்தம் வந்தபோது ஒரு பகுதி உண்மையாகவே ஆயிற்று. மிச்சிகன் மாகாணத்து வில்லோ ரன்னில் குண்டு விமானத் தொழிற்சாலை எழும்பியது. அங்கே குவிந்த தொழிலாளர்களுக்கு வீடு எங்கே? வரிசை வரிசையாக டிரெய்லர்களை நிறுத்திக் குடி வைத்தார்கள். விடுமுறை வண்டி விடுமுறையே இல்லாதவர்களின் வீடாகி விட்டது.

இனி மைதானத்தைச் சுற்றி வருவோம். அதிகமாகக் கண்ணில் படுவது 'கேன்டு ஹாம்' என்ற செல்லப் பெயருடைய வகை. பக்கவாட்டில் பார்த்தால் பன்றி இறைச்சியை அடைத்து விற்கும் தகர டப்பாவின் வடிவம்; சைவ நேயர்கள் மன்னிக்க வேண்டும். 1950-களிலும் 60-களிலும் வந்த ஷாஸ்டா வண்டி இந்த இனந்தான். அதன் பின்புறம் இரு பக்கத்திலும் சிறிய உலோக இறக்கைகள் இருக்கும். அந்த இறக்கைகளால் பறக்கவும் முடியாது, வேறு உபயோகமும் கிடையாது. அவற்றுக்காகவே ஜனங்கள் அதன் மேல் பிராணனை விடுகிறார்கள். 2015-ல் அந்தக் கம்பெனியார் 1961-ம் வருஷத்து மாதிரியை மறுபடி தயாரித்தார்கள். கம்பெனி தோன்றிய 1941-ம் ஆண்டின் நினைவாகச் சரியாக 1,941 வண்டிகள். கூட்டத்தில் சிலர் இவற்றையும் உறவினராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

கண்ணீர்த் துளி வடிவத்தில் உயரம் குறைந்த வண்டிகளும் உண்டு. உள்ளே படுக்க மட்டும் முடியும். பின்புறத்து மூடியைத் தூக்கினால் அங்கே சமையல் அறை! யுத்தம் முடிந்த வருஷங்களில் பத்திரிகைகளில் வந்த வரைபடங்களைப் பார்த்துக் கொல்லைப்புறத்திலேயே பலர் இவற்றைக் கட்டிக்கொண்டார்கள்.

தூரத்தில் வெள்ளிக் குடம் கவிழ்த்தது போல் சூரியனை வாங்கி ஜ்வலிப்பது ஏர்ஸ்ட்ரீம். ஓரிகன் மாகாணத்தில் 1896-ல் பிறந்த வாலி பயம் என்பவரின் படைப்பு. 'பயம்' என்று பெயர் இருந்தாலும் அவருக்குப் பயம் கிடையாது. 1936-ல் அவர் வெளியிட்ட அலுமினிய வண்டிக்கு 'கிளிப்பர்' என்று பெயர். விலை 1,200 டாலர். அந்த மந்த காலத்தில் அது பெருந்தொகை. பிற்காலத்தில் தம் வண்டி வைத்திருந்தவர்களை அணி சேர்த்து அவர் நடத்திய யாத்திரைகள் பிரசித்தமானவை. 1951-ல் மத்திய அமெரிக்காவை நோக்கி அறுபத்து மூன்று வண்டிகள் புறப்பட்டன. பாதையே இல்லாத இடங்களில் மாட்டிக்கொண்டு பதினான்குதான் நிகராகுவாவின் தலைநகரம் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகும் மனம் தளராமல் 1959-ல் நாற்பத்தொரு வண்டிகளுடன் ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து கிளம்பி மறு வருஷம் கெய்ரோவை அடைந்தார். வாரக் கடைசியில் ஒன்றாகக் கூடி ஒன்றாக உண்ணும் வழக்கம் வேரூன்றியதற்கு அந்த யாத்திரைகளும் ஒரு காரணம்.

ஒரே ஒரு ஏர்ஸ்ட்ரீம் மாத்திரம் அயலாருக்குக் கதவைத் திறக்க மறுத்தது. 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய மூவரையும், அங்கிருந்து ஏதேனும் கிருமியைக் கொண்டு வந்திருப்பார்களோ என்ற சந்தேகத்தினால், கப்பலில் ஒரு டிரெய்லரில்தான் அடைத்து வைத்தார்கள். அது ஏர்ஸ்ட்ரீமை மாற்றியமைத்துச் செய்தது. ஜனாதிபதி நிக்ஸனும் கண்ணாடி ஜன்னல் வழியாகவே அவர்களுடன் பேச வேண்டியிருந்தது.

இவ்வளவு அழகான வண்டிகளை இத்தனை வருஷம் யார் காப்பாற்றினார்கள் என்றால், யாரும் காப்பாற்றவில்லை. வைத்திருந்தவர் மூப்படைந்தார், பிள்ளைகள் பெரிய வண்டி வாங்கினார்கள், பழைய டிரெய்லர் களஞ்சியத்துக்குப் பின்னால் போயிற்று. அங்கே கோழி அடைந்தது, எலி குடியேறியது. பல வண்டிகளின் உடலை உடைத்துப் போட்டு விட்டு, அடிச்சட்டத்தை மட்டும் சாமான் ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியவற்றின் பரம சத்துரு தண்ணீர். கேன்டு ஹாம் வண்டியின் வெளித்தோல் அலுமினியத் தகடு. உள் எலும்பு மெல்லிய மரச்சட்டம். கூரை விளிம்பிலும் ஜன்னல் மூலையிலும் வைத்த மக்கு காய்ந்து வெடித்ததும், மழைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்குகிறது. வெளியே தகடு பளபளப்பாக இருக்கும். உள்ளே சட்டம் காப்பித் தூள் போல் உதிரும். அழகைப் பார்த்து மயங்கி வாங்கிய புது ஆள், சுவரை விரலால் அழுத்திப் பார்க்கும் போதுதான் தான் வாங்கியது என்னவென்று தெரிந்துகொள்கிறார்.

அப்போது அவர் போகக்கூடிய இடம் இந்தக் கூட்டம்தான். அந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை மறைந்து போயின. கட்டின கைகளும் மறைந்து போயின. ஆனால் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு அந்த நோயின் வைத்தியம் தெரிந்திருக்கும். விளிம்புப் பட்டையில் உள்ள திருகாணிகளை நூற்றுக்கணக்கில் கழற்ற வேண்டும். ஆரஞ்சுத் தோலை உரிப்பது போல் தகட்டை உரிக்க வேண்டும். உளுத்த சட்டத்தைத் தூக்கி எறியக் கூடாது. அதுதான் புதுச் சட்டத்துக்கு அச்சு. ஏர்ஸ்ட்ரீமுக்கு வேறு வைத்தியம். அதன் தகடுகளைத் தைப்பது ஆணி அல்ல, ரிவெட்டு. வெளியே ஒருவர் சுத்தி யந்திரத்தைப் பிடிக்க, உள்ளே மற்றொருவர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்தால்தான் ரிவெட்டு படியும். தனி ஒருவராக எவ்வளவு பலசாலியானாலும் அந்தப் பழைய முறையில் சரியாகச் செய்ய முடியாது. பாதி வேலையில் நிற்கும் வண்டியை இழுத்துக்கொண்டு வருவதற்கு இங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. சொல்லப் போனால் மெருகேற்றி முடிந்த வண்டியைச் சுற்றி இருப்பதைவிட அதைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம்.

உட்புறத்துச் சுவர்ப் பலகை பிர்ச் என்ற மரம். அதன் மேல் தேன் நிறத்தில் ஒரு மினுக்கம் இருக்கும். அது என்ன மெருகு என்று விசாரித்தால் நம் தேசத்துச் சரக்கு என்று தெரிய வரும், அவலரக்கு! சோட்டா நாகபுரிப் பக்கத்துக் காட்டு மரங்களில் சிறு பூச்சிகள் வைக்கும் அரக்கை உருக்கி எடுத்ததைச் சாராயத்தில் கரைத்து, துணியாலும் தூரிகையாலும் மேலுக்கு மேல் பூசினால் அந்த நிறம் வருகிறது. எத்தனையோ நவீன வார்னிஷ்கள் வந்த பிறகும், பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் இன்றும் இதையே தேடி வாங்குகிறார்கள்.

பெண்கள் தனியே நடத்தும் கூட்டமும் உண்டு. 1999-ல் இரு சகோதரிகள் ஆரம்பித்த 'ஸிஸ்டர்ஸ் ஆன் தி ஃபிளை' என்ற சங்கத்தில் ஆண்களுக்கு இடமில்லை. பெண்களே வண்டியை இழுத்து வந்து, பின்னோக்கித் தள்ளி நிறுத்தி, சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டு, மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வண்டியின் மேல் தங்களுக்குப் பிடித்த சித்திரங்களையும் தீட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன தாம்பத்தியப் பரீட்சை அங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, திறந்த கதவைப் பற்றி இவ்வளவு சொன்னவன், அடைத்த கதவைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இந்தக் கூட்டங்களில் 'அந்தப் பொற்காலம்' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். 1950-ம் வருஷத்துச் சாலையில் வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு அது பொற்காலம்தான். கறுப்பு நிறத்தவருக்கோ எந்த ஊரில் பெட்ரோல் போடுவார்கள், எந்த ஊரில் இரவு தங்க விடுவார்கள் என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு தனிப் புத்தகம் வேண்டியிருந்தது. நியூயார்க்கில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் அதை வெளியிட ஆரம்பித்தார்; அது முப்பது வருஷம் வந்துகொண்டிருந்தது. வர்ஜீனியாவில் ஷெனான்டோவா தேசீய வனத்தில் 1939-ல் லூயிஸ் மௌன்டன் என்ற இடத்தைக் கறுப்பருக்கென்று தனியே ஒதுக்கினார்கள். 1950-ல்தான் அந்தப் பேதம் அங்கே முற்றிலும் ஒழிந்தது. தீண்டாமையின் ரூபங்களை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

தகர டப்பா யாத்திரிகர் சங்கம் 1980-களுக்குள் மங்கி மறைந்து, 1998-ல் மிச்சிகன் மாகாணத்துக் காம்ப் டியர்பார்ன் மைதானத்தில் மறுபடி உயிர் பெற்றது. ஓய்வு பெற்ற தம்பதிகள் பழைய வண்டிக்காரர்களுக்கு அழைப்பு விடுத்துக் கூட்டினார்கள். ஏரியும் மரமும் சூழ்ந்த ரம்மியமான இடம் அது. டியர்பார்ன் நகரத்தார் தங்கள் ஊர் ஜனங்களுக்காக 1948-ல் திறந்த மைதானம். அப்போது அந்நகரின் மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்டு, கறுப்பர் தம் ஊரில் குடியேறலாகாது என்பதைப் பகிரங்கமாகவே கொள்கையாகக் கொண்டவர். 1942 முதல் 1978 வரையில் அந்தப் பதவியில் இருந்தார். ஊரிலே குடியிருக்க முடியாதவன் ஊரார் மைதானத்தில் கூடாரம் அடிப்பது எப்படி? இன்று அதே டியர்பார்னில் அரபு நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தினர் மிகுந்திருக்கிறார்கள். 2021-ல் அவர்களில் ஒருவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய வண்டிகளைப் போற்றுகிறவர்களின் கூட்டத்தில் இன்றும் வெள்ளை முகங்களே பெரும்பான்மை. சட்டம் திறந்த கதவுக்குள் ஜனங்கள் நுழைய இன்னும் ஒரு தலைமுறை வேண்டும் போலிருக்கிறது. ஆகவேதான் சனிக்கிழமையன்று வாசற்படியில் நிற்கும் அந்தக் கிழவர், வருகிறவர் யார் எவர் என்று கேளாமல் "உள்ளே வாருங்கள், தலை இடிக்கும், குனிந்து வாருங்கள்" என்று அழைப்பதை நான் அற்பமான காரியமாக நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தல்கள் இறங்குகின்றன. கோப்பைகளைத் துணியில் சுற்றி வைக்கிறார்கள். அலமாரிக் கதவுகளைத் தாழிடுகிறார்கள், இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே சாமான் எல்லாம் தரைக்கு வரும். வண்டியைக் காரில் பூட்டிச் சங்கிலி மாட்டி, மின்சாரக் கம்பியைச் சேர்த்ததும், பக்கத்து வண்டிக்காரர் கூப்பிடாமலே வந்து பின்னால் நிற்கிறார். இடப்பக்கத்து விளக்கு எரிகிறது. வலப்பக்கத்து விளக்கு எரிகிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டும் எரிகின்றன. அவர் கையை உயர்த்துகிறார். வண்டி நகர்கிறது. அவர் அடுத்த வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறார்.